லைட் ரூமில் ஓடிய பஸ்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கை நன்றாக இருந்தது, ஒரு கை புண்ணாக இருந்தது. எங்கள் குழப்பம் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டியவர் அவர். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். வேகமாக ஓட்டத் தெரியாதா, மனசில்லையா என்று அவர்களுக்குள்ளேயே பந்தயம் நடக்கும். சின்ன வயசிலிருந்தே அவருக்குக் கரப்பான் உண்டு. டாக்டர் சீட்டில் எக்ஸிமா என்று எழுதுவார்கள். வரும், களிம்பு தடவுவோம், போகும். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் வந்தது போகவே இல்லை. கழுத்து, நெஞ்சு, முழங்கால் மடிப்பு, முழங்கை மடிப்பு என்று சிவந்து, தடித்து, வெடித்து, நீர் கசிந்தது. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் தோல் பொடிப்பொடியாக விழும். சீப்பை எடுத்துச் சொறிவார். சீப்பை ஒளித்து வைத்தால் சாவியை எடுத்துச் சொறிவார். "சொறியாதீங்க" என்று நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பசிக்கிறவனைப் பார்த்துப் பசிக்காதே என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஜன்னல் பக்கத்துக் கையில் மட்டும் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக வைத்திருப்பாரே, அந்தக் கை கருத்து, வழவழவென்று, வேறு யாருடைய கையோ போல இருக்கும். கியர் போடுகிற கைதான் ரணகளம். அதே ரத்தம், அதே சாப்பாடு, அதே சோப்பு. என் நாத்தனார் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரி. "கியரை ஊர்ல இருக்கிற டிரைவரெல்லாம் தொடுறான்ல, அதான்" என்றாள். அடுத்த வாரம் கத்திரிக்காய் என்றாள். அதற்கடுத்த வாரம் என் சமையல் என்றாள். வாரத்துக்கு ஒன்றாக நானும் நம்பினேன், சமையலைத் தவிர.

போன வருஷம் ஒரு மத்தியானம் அவருடைய பஸ் பள்ளிக்கூட ஸ்டாப்பில் நடைபாதை மேல் ஏறிவிட்டது. பெயர்ப்பலகை ஒன்று சாய்ந்தது. ஒரு அம்மா தன் குழந்தையை இழுத்துக்கொண்டு விலகிவிட்டாள், யாருக்கும் அடியில்லை. பிரேக் ஒரு பக்கமாக இழுத்தது என்று எழுதிக் கொடுத்தார். விசாரணைக்குக் கூப்பிட்டவர்கள் அவருடைய கையைப் பார்த்தார்கள். உள்ளங்கை வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. தோல் சரியாகிற வரைக்கும் ஸ்டியரிங் கிடையாது, எட்டு மாசத்தில் மறுபடி உடல் தகுதிப் பரிசோதனை, அதில் தேறாவிட்டால் நிரந்தரமாக மேஜை வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

மேஜை வேலை என்றால் பஸ்ஸில் ஜனங்கள் மறந்து விட்டுப்போன சாமான்களுக்குக் காவல். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை மறந்து விட்டு ஒருத்தன் எப்படி வீட்டுக்கு நடந்தான் என்று அவர் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறார். அங்கே போய் உட்கார்ந்த மூன்றாவது மாசம் அந்த நல்ல கையும் புண்ணாகிவிட்டது. எனக்கு மண்டை காய்ந்தது. உட்கார்ந்தால் கூடவா கரப்பான் வரும்?

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நாளாக மேஜை வேலை என்று கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஜன்னல் பக்கம் வெயில் பட்டுச்சு. வெயில்ல இருக்கிற ஒரு கதிர் தோலோட கொந்தளிப்பை அடக்கும். இப்போ வெயில் இல்ல, அந்தக் கையும் கிளம்பிடுச்சு. புற ஊதாக் கதிர் வைத்தியம் பண்ணலாம். வாரத்துக்கு மூணு நாள் லைட் ரூமுக்கு வரணும்."

"அப்போ மொட்டை மாடியில நின்னா போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். துட்டு மிச்சம் என்று நினைத்தேன் என்று வையுங்கள்.

"போதாதும்மா. வெயில் கலப்படச் சரக்கு. சுடும், வேர்க்கும், வேர்த்தா இன்னும் அரிக்கும். இந்த மெஷின்ல தேவையான கதிரை மட்டும், செகண்டு கணக்கா அளந்து குடுப்போம். நீங்களா மாடியில நின்னு கருகிட்டு வராதீங்க."

விளக்கைக் கொண்டு வைத்தியம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது எனக்கு. அவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பரிசோதனைக்கு அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஓட்டலாமா?" டாக்டரம்மா பார்க்கலாம் என்றார்.

லைட் ரூமை ஒரு சிஸ்டர் பார்த்துக்கொள்வார். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு அலமாரி போல ஒரு பெட்டி. உள்ளே சுற்றிலும் ஆளுயர டியூப் லைட். உள்ளாடை தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் நிற்க வேண்டும். கதவைச் சாத்தியதும் காற்றாடி உறும, டியூப்பெல்லாம் ஊதா நிறமாக எரியும். நேரம் முடிந்ததும் தானாக அணையும். முதல் நாளே நான் சொதப்பினேன். நல்லது என்று நினைத்து உடம்பு முழுக்கக் களிம்பை அப்பி அனுப்பியிருந்தேன். "களிம்பு கதிரைத் தடுத்துடும்மா, துடைச்சிட்டு வாங்க" என்று சிஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். துடைத்துவிட்டு வந்தவரிடம், "கை உடம்போட ஒட்டாம நில்லுங்க சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இருபத்தைந்து செகண்டில் வெளியே வந்துவிட்டார். இதற்கா இவ்வளவு ஏற்பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் போகாமல் விட்டதற்கு நேரத்தைக் குறைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தண்டனை கொடுத்தது போல அவர் முகம் தொங்கிவிட்டது. "தோலுக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும் சார், அதான்" என்று சிஸ்டர் சொன்னது காதில் ஏறவில்லை. நடுவில் முதுகு சிவந்து எரிந்தது. பயந்து ஓடினால், அது சாதாரணம் என்றார்கள். சரி, முதுகு எரிவது சாதாரணம் என்றால் எதுதான் அசாதாரணம் என்று ஒரு பட்டியல் கொடுக்கக் கூடாதா?

ஆனால் வேலை செய்தது. பத்தாவது தடவைக்கு மேல் நெஞ்சு அடங்கியது. பதினைந்தில் முதுகு, கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் ஆறி, உடம்பு ஒரே சீராகக் கருத்துக்கொண்டு வந்தது. அவரும் மாறினார். லைட் ரூம் நாளில் மட்டும் முகச்சவரம் செய்வார், தலை வாரிக்கொள்வார், அரை மணி முன்னாலேயே கிளம்பிவிடுவார். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்கூட வந்தது. கூடப் போய்ப் பார்த்தேன். சிஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது, என்னைவிடக் குண்டு. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

முழங்கை மடிப்பு மட்டும் ஆறவில்லை, இரண்டு கையிலும். உடம்பெல்லாம் ஆறியிருக்க, அந்த இரண்டு இடமும் பிடிவாதமாகச் சிவந்து வெடித்துக் கிடந்தன. கையை நீட்டினால் ரத்தம் கசியும். நாற்பதாவது தடவை முடிந்ததும் டாக்டரம்மாவே குழம்பிவிட்டார். "மத்த இடமெல்லாம் இவ்வளவு நல்லா கேட்டிருக்கு, இங்க மட்டும் ஏன் கேட்கலைன்னு தெரியலையே" என்று ஏட்டைப் புரட்டினார். மாத்திரைக்கு மாற வேண்டியிருக்கும், ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு என்று ஆகும், பரிசோதனைத் தேதிக்குள் ஆறும் என்று சொல்ல முடியாது என்றார். ஆறு வாரம்தான் பாக்கி இருந்தது. முழங்கையை மடக்கி நீட்ட முடியாதவனிடம் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்? அரைக்கிணறு தாண்டிய கதை என்று நான் வழியெல்லாம் புலம்பினேன்.

நான் ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் ஒரு அலுவலகத்திலிருந்து பழைய ஜன்னல் திரைகளைக் கழற்றி, பிரித்துத் தைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேஜையில் விரித்தேன். பச்சைத் துணி, வெயில் பட்டு வெளுத்துப் போயிருந்தது. ஆனால் கொசுவ மடிப்புக்குள் இருந்த இடமெல்லாம் வாங்கின அன்று இருந்த பச்சை. எங்கள் தொழிலில் இது தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்குச் சாயங்காலம் அவர் கைக்குக் களிம்பு போடும்போது, மடிப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெளுப்பாக இருப்பதைப் பார்த்தேன். கையெல்லாம் கருத்திருக்க அங்கே மட்டும் பழைய நிறம்.

"கையை மடக்குங்க" என்றேன். மடக்கினார். வெளுப்பு முழுக்க உள்ளே போய் மறைந்தது.

"ஏங்க, லைட்டுக்குள்ள எப்படி நிக்கிறீங்க?"

"நிக்கிறேன். வேற எப்படி?"

"நின்னு காட்டுங்க."

சமையலறை நடுவில் நின்றார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு அவருக்கே தெரியாமல் இரண்டு கையும் மேலே வந்தன. முழங்கை மடிந்தது, விரல்கள் வளைந்து ஒன்றைப் பிடித்தன. உதட்டுக்குள் ஒரு உறுமல்கூட. என் வீட்டுக்காரர் உள்ளாடையோடு பெட்டிக்குள் நின்று இத்தனை வாரமாகப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்!

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் காற்றாடி உறுமுவது எஞ்சின் மாதிரியே இருக்கிறது என்றார். செகண்டை எண்ணத் தெரியாது, ஸ்டாப்பைத்தான் எண்ணத் தெரியும் என்றார். முதல் நாள் இருபத்தைந்து செகண்டில் டிப்போ வாசலைக்கூடத் தாண்டவில்லையாம். பிறகு பெட்ரோல் பங்க், பிறகு தண்ணீர்த் தொட்டி. இப்போது மூன்று நிமிஷத்தில் பள்ளிக்கூட முனை வரை வந்துவிட்டாராம்.

"கையைத் தொங்கப் போட்டு நில்லுங்க, ஆறிடும். இதுக்கா இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டோம்?"

"முடியாது" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "என்னது?"

"அந்த மூணு நிமிஷந்தான் நான் டிரைவர். மத்த நேரமெல்லாம் ஊரான் குடைக்குக் காவக்காரன். அதையும் விடச் சொல்றியா?"

"விட்டாத்தானே நிஜ பஸ்ஸே கிடைக்கும்!" என்று கத்தினேன். நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. நியாயம் என் பக்கம் இருக்கும்போது இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத கோபத்தில் பாத்திரங்களை இரண்டாவது தடவை துலக்கினேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, மாத்திரைச் சீட்டைக் கிழித்தார். பெட்டிக்குள் தலைக்கு மேலே ஒரு கம்பி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் மடிப்பு முழுக்க விரியும் என்றார். சிஸ்டர் கதவைச் சாத்தினார். நாற்பது செகண்டில் இவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. மூச்சு முட்டுகிறது என்றார். அடுத்த தடவையும் அதே கதை. இத்தனை நாள் சிங்கம் மாதிரி நின்ற மனிதர்.

"வெறுங்கையோட நின்னா எங்க இருக்கேன்னே தெரியல" என்றார் என்னிடம், தனியாக. "இருட்டு, உறுமல், வண்டி போகுது, கையில ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. புத்தி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மூன்றாவது தடவை பெட்டிக்கு வெளியே கதவோடு ஒட்டி நின்றுகொண்டேன். "நீங்க பாசஞ்சர். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் ஸ்டாப் சொல்றேன்" என்றேன். சிஸ்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

"டிப்போ வாசல்! தண்ணித் தொட்டி!"

"பெட்ரோல் பங்கை எங்க விட்ட?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சரி, பெட்ரோல் பங்க்! இறங்குறவங்க இறங்குங்க! இப்போ தண்ணித் தொட்டி!"

"நேரத்தைப் பார்த்துச் சொல்லு. இந்த வேகத்துல போனா நானே புகார் எழுதிக் குடுப்பேன்."

சிஸ்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காத்திருந்த மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பள்ளிக்கூடம்!" என்றேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. விளக்கு அணைந்து கதவு திறந்தது. முழு நேரமும் நின்றிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாளே அவர் ஓட்டின பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் எத்தனை செகண்டு என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஐந்து வாரம் அப்படியே போனது. கடையில் சொல்லிவிட்டு வாரத்துக்கு மூன்று நாள் போனேன். மடிப்பு முதலில் கருத்தது, பிறகு காய்ந்தது, பிறகு ஒரு நாள் கையை நீட்டினார், ரத்தம் வரவில்லை. ஆனால் மனிதர் ஒடுங்கிப்போனார். சவரம் இல்லை, சீப்பு இல்லை. உடம்பு ஆற ஆற முகம் வாடியது. தேறாமல் போய்விடுவோமோ என்ற பயம் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

பரிசோதனை நாளன்று வைத்திய ஏட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். என்னையும் உள்ளே ஓர் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். டிப்போவின் டாக்டர் வயசானவர், கண்டிப்பானவர் என்று பெயர். கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், எதையோ இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "பரவாயில்லையே" என்றார். பேனாவைத் திறந்து தகுதிச் சீட்டில் தேதியை எழுதினார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சார்," என்றார் என் வீட்டுக்காரர். "அன்னைக்குப் பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்டர் நிமிர்ந்தார்.

"அரிப்பு தாங்கல சார். கியர் போட்ட கையை மத்த கையால சொறிஞ்சுக்கிட்டிருந்தேன். ஸ்டியரிங்ல ரெண்டு கையுமே இல்ல. பிரேக்குன்னு பொய் எழுதிக் குடுத்தேன்."

எட்டு மாசமாக அந்தப் பிரேக்கைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இது திரும்ப வரக்கூடிய நோய். நாளைக்கு வண்டியில அரிச்சா என்ன பண்ணுவீங்க?"

"சொறிவேன் சார். சொறிய மாட்டேன்னு சொல்றவனுக்கு அரிச்சதே இல்லைன்னு அர்த்தம். ஆனா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டுச் சொறிவேன். ஷெட்யூல் லேட்டாகும்."

டாக்டர் இரண்டு காகிதங்கள் எழுதினார். ஒன்று தகுதிச் சீட்டு: ஓட்டலாம், மூன்று மாசத்துக்கு ஒரு தடவை தோலைக் காட்ட வேண்டும். இன்னொன்று மேலதிகாரிக்குக் கடிதம்: பொய் அறிக்கை கொடுத்ததற்கு விசாரணை. ஒரு கையில் வெல்லமும் ஒரு கையில் வேப்பங்காயும் கொடுத்தது மாதிரி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"கையெழுத்து போடப் போறப்பவா இதைச் சொல்லுவாங்க? ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "லைட்டுக்குள்ள நான் சும்மா ஓட்டல. பள்ளிக்கூட முனையை ஒரு தடவையாவது கையை எடுக்காமத் தாண்டிடணும்னுதான் அப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஓட்டுறப்போ கை மட்டுந்தான் நினைப்புல இருந்துச்சு, வேற எதுவும் தெரியல. நீ கையை விடச் சொன்ன. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்போதான் பார்த்தேன். அந்தம்மா, அந்தக் குழந்தை. செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்துச்சு அந்தக் குழந்தைக்கு. அவங்க என்னைப் பார்த்த பார்வை. நிறுத்தணும்னா என் கையில ஒண்ணும் இல்ல. தினம் பார்த்தேன். சொல்லாம என்னால அந்தச் சீட்ல போய் உட்கார முடியாது."

வாரத்துக்கு மூன்று தடவை, ஐந்து வாரம், அந்தக் கதவுக்கு வெளியே நின்று, செகண்டு தவறாமல், சிரித்துக்கொண்டே 'பள்ளிக்கூடம்' என்று கத்தியவள் நான்தான்.